வரியில்லாப் பட்டு

தஜம்முல் தன் மகனின் கல்யாணப் பத்திரிகையோடு வாசலில் வந்து நின்றபோது, ஹஷ்மத்துல்லா அன்சாரி வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தறிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். தாடியில் கம்பளித் தூசு ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே சித்தப்பா மகனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

“அஸ்ஸலாமு அலைக்கும், பாய்சாப்” என்று அண்ணனுக்குச் சலாம் சொன்னான் தஜம்முல்.

“வ அலைக்கும் அஸ்ஸலாம்.”

சலாமுக்குப் பதில் சொல்வது கடமை. அதற்கு மேல் ஒரு சொல்லும் கடமையில்லை என்பதுபோல் நின்றார்.

“வர்ற வியாழக்கிழமை கல்யாணம். ஊர்வலம் பனாரஸுக்குப் போகுது. பொண்ணு ஹாஜி இர்தஸா வீட்டுப் பொண்ணு. பட்டுப்புடவை மொத்த வியாபாரம். கேள்விப்பட்டிருப்பீங்க.”

“பதோஹியில காது இருக்கிறவன் எல்லாம் கேட்டாச்சு. நீ இங்க பேசினா பனாரஸ் வரைக்கும் கேக்குமே.”

தஜம்முல் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு சிரித்தான். “பரிப் பெட்டியை நீங்கதான் திறக்கணும், பாய்சாப். உங்களைக் கூப்பிடத்தான் நானே நேர்ல வந்தேன்.”

அவன் பாசத்தால் வரவில்லை, வேறு வழியில்லாமல் வந்தான். கராமத் அலி வம்சத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் கொண்டுபோகும் சீர்ப் பெட்டியை, பரிப் பெட்டி என்பார்கள், பெண் வீட்டு முற்றத்தில் வைத்துக் குடும்பத்தின் மூத்த ஆண்தான் திறக்க வேண்டும். உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிக் காட்டி, இது என்ன, எங்கிருந்து வந்தது என்று சபை கேட்கச் சொல்ல வேண்டும். மூத்தவர் உயிரோடு இருக்கும்போது வேறொரு கை அந்தப் பூட்டைத் தொட்டால் பெண் வீட்டார் காரணம் கேட்பார்கள். கேட்டால் தஜம்முலிடம் சொல்லக்கூடிய காரணம் ஒன்றும் கிடையாது.

“பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வர்றாங்க” என்றான் தஜம்முல். “ஓஜா சாகிப்கூட வர்றதா வாக்குக் கொடுத்திருக்காரு.”

“எந்த ஓஜா?”

“கஸ்டம்ஸ் சூப்பரிண்டெண்ட் ஓஜாதான். இப்ப நமக்கு ரொம்ப வேண்டியவரு.”

“நமக்கா, உனக்கா?”

தஜம்முலின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. ஹஷ்மத்துல்லா கையை நீட்டிப் பத்திரிகையை வாங்கிக்கொண்டார்.

“வரேன்” என்றார்.

அந்த ஒரு சொல்லில் தஜம்முலுக்கு ஆச்சரியம். திரைக்குப் பின்னால் நின்றிருந்த மனைவி குத்ஸியாவுக்கு அதைவிட ஆச்சரியம்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை அந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை. வெளிநாட்டுப் பட்டு நூலுக்கு அரசாங்கத்தின் தீர்வை அதிகம். ஆனால் கம்பளம் நெய்து வெளிநாட்டுக்கே அனுப்புகிறவனுக்கு லைசென்ஸ் கொடுப்பார்கள். அவன் தீர்வை கட்டாமல் நூலை இறக்கிக்கொள்ளலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று. அந்த நூலில் ஓர் இழைகூட உள்ளூரில் விலைபோகக் கூடாது. எல்லாம் கம்பளமாகித் திரும்பவும் கப்பலேற வேண்டும். பனாரஸ் பட்டுத்தறிகள் பக்கத்திலேயே இருக்கிற கம்பள ஊரான பதோஹியில் அது லேசான நிபந்தனை அல்ல. சீனப் பட்டு என்றால் பனாரஸில் வாயைப் பிளந்து வாங்குவார்கள். ஹஷ்மத்துல்லா ஒருநாளும் விற்றதில்லை. தன் நிழலைக்கூடத் தீர்வை கட்டாத நூல்மேல் படவிட மாட்டார் என்று தறிக்காரர்கள் கேலி பேசுவார்கள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் கஸ்டம்ஸ் ஜீப் வந்தது. இறங்கிய ஓஜா நேரே முற்றத்துக்கு வந்து கேட்ட முதல் கேள்வி, “மிட்டாய் அறை எது?”

ஹஷ்மத்துல்லாவுக்கு அந்தக் கணமே புரிந்துபோயிற்று. பட்டு நூல் வைத்திருந்த உள்ளறைக்கு வெளியாள் அறிந்த பெயர் ஒன்றும் கிடையாது. தாத்தா கராமத் அலி அங்கே லட்டு டப்பாவை ஒளித்துவைப்பார் என்பதால் பேரப்பிள்ளைகள் மட்டும் ரகசியமாக அதற்கு வைத்த பெயர் அது. அந்தப் பேரப்பிள்ளைகளில் ஒருத்தர் மண்ணுக்குப் போயாயிற்று. ஒருத்தி கான்பூரில் நினைவு தப்பிக் கிடக்கிறாள். மிச்சம் ஹஷ்மத்துல்லா, தஜம்முல். ஹஷ்மத்துல்லா தன்னைத் தானே காட்டிக்கொடுக்கவில்லை.

கம்பளம் வாங்கும் ஜெர்மனிக்காரன் ஒருவன், தஜம்முலின் கம்பளத்தில் சாயம் கசிகிறது என்று அவனை விட்டுவிட்டு ஹஷ்மத்துல்லாவிடம் வந்திருந்தான். அதுதான் காரணம். வேறு பகை கிடையாது.

அதிகாரிகள் நூலை நிறுத்துப் பார்த்தார்கள். இறக்கிய எடையில் கால் பங்கு குறைந்தது. பட்டு நூலைச் சாயம் போடுவதற்குமுன் சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்தால் அதன் பசை கரைந்து எடை அவ்வளவு குறையத்தான் செய்யும். அதைச் சொன்னார். போட்டுக்கொடுத்தவன் சொன்னது வேறு. குறைந்த நூல் பனாரஸுக்குப் போயிற்று என்று அவன் சொல்லியிருந்தான். வழக்கு தீர்ப்பாயம் வரை போயிற்று. பசைதான் கரைந்தது, நூல் விலைபோகவில்லை என்று கடைசியில் தீர்ப்பு வந்தது. ஆனால் குற்றச்சாட்டு ஊரே பார்க்க ஜீப்பில் வந்தது; தீர்ப்பு தபாலில் வந்தது. அதை யார் படித்தார்கள்? இடையில் மகள் ஷகுப்தாவுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் உடைந்துபோயிற்று. மாப்பிள்ளையின் தகப்பன் கமருல் ஹுதா ஆள்விட்டுச் சொன்னான்: “பட்டுத் திருடன் மகள் எங்க வீட்டுக்கு வேணாம்.” ஷகுப்தா அன்று அழவில்லை. மருதாணி அரைக்க வாங்கி வைத்திருந்த அம்மியைக் கொண்டுபோய்க் கொல்லையில் கவிழ்த்துவைத்தாள். அதற்குப் பிறகு யார் கல்யாணத்துக்கும் அவள் போனதில்லை.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான், தஜம்முல் பத்திரிகை கொடுத்துவிட்டுப் போனதும் குத்ஸியா கேட்டாள்.

“அவன் வீட்டுக் கல்யாணத்துக்கா போறீங்க? உங்களுக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?”

“மூத்தவன் போகணும். போறேன்.”

“பனாரஸ் மதன்புரா தரகர் சொன்னாரே, தஜம்முல் லைசென்ஸ்ல இறக்குற பட்டு பூரா பனாரஸ் தறிக்குப் போகுதுன்னு. அதை ஓஜாகிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதுமே. அவன் நமக்குச் செஞ்சதை நாம செய்யக்கூடாதா?”

“ராத்திரி முகத்தை மூடிக்கிட்டுப் போய்ப் போட்டுக்கொடுக்கிறது அவன் வேலை. கராமத் அலி பேரன் அதைச் செய்ய மாட்டான்.”

“அப்ப அவன் சுகமா இருக்கட்டுமா?”

“அவனே சொல்லுவான், குத்ஸியா. அவன் வாயாலேயே சொல்லுவான்.”

“அவன் என்ன பைத்தியமா?”

“பைத்தியம் இல்ல. பெருமைக்காரன். சின்ன வயசுலேருந்து அவனை யாராவது ‘நீ விடுற பட்டம் மட்டம்’னு சொல்லிட்டா, நூலை எங்க திருடினான்னு அவனே சொல்லிடுவான்.”

வியாழக்கிழமை ஹஷ்மத்துல்லா கஞ்சி போட்ட வெள்ளை ஷெர்வானி அணிந்து ஊர்வலத்தின் முன்வரிசையில் போனார். ஹாஜி இர்தஸாவின் வீட்டு முற்றம் பெரியது. ஆண்கள் விரிப்பில் அமர்ந்திருந்தார்கள். பெண்கள் மாடியில் மூங்கில் தட்டிக்குப் பின்னால். ஓஜாவுக்கு மட்டும் நாற்காலி. மாமிசம் சாப்பிடாதவர் என்பதால் அவருக்கென்று பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்த ரப்டியை மண்கலயத்தில் வரவழைத்திருந்தார்கள். தஜம்முல் அவர் தோளில் கைபடாத குறையாக ஒட்டி நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் “நம்ம ஓஜா சாகிப்” என்று அறிமுகம் செய்துகொண்டிருந்தான்.

பெட்டி வந்தது. ஹஷ்மத்துல்லா பிஸ்மில்லாஹ் சொல்லிப் பூட்டைத் திறந்தார்.

நகையை எடுத்துக் காட்டினார். “லக்னோ பொற்கொல்லர் வேலை.” மாடியிலிருந்து மாஷா அல்லாஹ் என்று குரல்கள். அத்தர், செருப்பு, துப்பட்டா எல்லாம் முறைப்படி காட்டினார். கடைசியில் புடவைகள். சிவப்புப் பட்டில் பொன் ஜரிகை கொட்டிய முதல் புடவையை எடுத்தார். தூக்கிக் காட்டவில்லை. மடியில் வைத்து, முந்தானையைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துத் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். முகத்துக்கு அருகே கொண்டுபோனார். பிறகு ஒன்றும் சொல்லாமல் பெட்டிக்குள் திருப்பி வைக்கப் போனார்.

“ஏன் பாய்சாப், காட்டலையா?” என்றான் தஜம்முல்.

“வேணாம் விடு. அடுத்ததைப் பார்ப்போம்.”

“ஏன்? என்ன?”

“ஒண்ணுமில்ல. ஜரிகை நல்லாத்தான் இருக்கு. நூல்தான்...” என்று இழுத்தார். “கொஞ்சம் கலப்போ என்னவோ. இந்தக் காலத்துல சுத்தப் பட்டு எங்க கிடைக்குது?”

பட்டு வியாபாரி வீட்டு முற்றத்தில், பரிப் பெட்டியின் முன்னால், கலப்பு என்கிற சொல் விழுந்தால் என்ன ஆகும் என்று அந்தச் சபைக்குத் தெரியும். ஹாஜி இர்தஸாவின் கையிலிருந்த ஜபமாலை நின்றது. மாடியிலிருந்து பெண்ணின் அத்தை உரக்கக் கேட்டாள்:

“என்னது, எங்க பொண்ணுக்குக் கலப்புப் புடவையா? பனாரஸுக்கே வந்து பனாரஸ்காரங்களை ஏமாத்துறீங்களா?”

தஜம்முலின் காது சிவந்தது. “கலப்பா! பாய்சாப், கண்ணாடி போட்டுக்கிட்டுப் பாருங்க!”

“கண் மங்கிடுச்சுதான் தம்பி. விரல் இன்னும் மங்கல. எந்தக் கடையில வாங்கின? கேட்டுட்டு மாத்திக் கொடுக்கச் சொல்லலாம்.”

“கடையா? நான் கடையில வாங்குற ஆளா?”

“பின்ன? கம்பளக்காரன் வீட்டுல புடவைப் பட்டு காய்க்குதா?”

முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புதான் தஜம்முலைக் கவிழ்த்தது. முற்றத்தின் நடுவுக்கு வந்து புடவையைப் பிடுங்கி, இரண்டு கையாலும் விரித்துத் தலைக்குமேல் தூக்கினான்.

“ஹாஜி சாகிப், நல்லாப் பாருங்க! சீனாப் பட்டு. முதல் தரம். கப்பல்ல எனக்குன்னு வந்த நூல். என் கோடௌன்ல பெட்டி பிரிச்சு, என் கையால மதன்புரா தறிக்குக் கொடுத்து நெய்தது. கலப்பாம்! இந்த ஊர்ல பாதிப் பொம்பளைங்க இன்னைக்கு உடுத்தியிருக்கிறதே என் நூல்தான். எந்தத் தறிக்காரன்கிட்ட வேணா விசாரிச்சுக்கோங்க!”

“என்ன நூல்னு சொன்ன?” ஹஷ்மத்துல்லா காதில் கைவைத்துக் கேட்டார். “பின்வரிசைக்குக் கேக்கல.”

“என் கம்பளத்துக்கு வந்த சீனாப் பட்டு!” என்று கத்தினான் தஜம்முல்.

சொல்லி முடித்த பிறகுதான் முற்றத்தின் அமைதி அவனுக்குக் கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் பட்டு வியாபாரிகள், மீதிப் பேர் கம்பள வியாபாரிகள். கம்பளத்துக்கு வந்த பட்டு புடவையாகக் கூடாது என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஓஜா ரப்டிக் கலயத்தை மெதுவாகக் கீழே வைத்தார். தஜம்முலின் கைகள் இன்னும் புடவையைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தன. அவற்றை இறக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

ஹஷ்மத்துல்லா எழுந்து நின்றார். மார்பில் கைவைத்துச் சபைக்குத் தலை தாழ்த்தினார்.

“ஹாஜி சாகிப், மன்னிக்கணும். என் தம்பி சொல்றதுதான் சரி. இது அசல் சீனாப் பட்டு. ஒரு இழை கலப்பில்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன். இந்தக் குறையை மனசுல வெச்சுக்காம நிக்காஹை நடத்துங்க.”

நிக்காஹ் நடந்தது. பெண்ணின் தலையெழுத்தில் கைவைக்க ஹஷ்மத்துல்லா வரவில்லை; அதனால்தான் அந்த மன்னிப்பைக் கேட்டார். அதே மன்னிப்பு தஜம்முலின் கழுத்தில் இறுகிய சுருக்கு என்பதும் அவருக்குத் தெரியும்.

விருந்து உண்ணாமல் கிளம்பிய ஓஜா, வாசலில் அவரைத் தனியாகப் பார்த்தார்.

“அன்சாரி சாகிப், இதை வாக்குமூலமா எழுதிக் கொடுப்பீங்களா?”

“நான் எதுக்கு? உங்க காது நல்லாத்தானே இருக்கு?”

ஓஜா தலையசைத்தார். பிறகு, “நாலு வருஷத்துக்கு முன்னாடி உங்க வீட்டுக்கு வந்தது...” என்று தொடங்கினார்.

“உங்களுக்குச் சொன்னாங்க, நீங்க வந்தீங்க. உங்க மேல எனக்கு வருத்தமில்ல. வண்டி காத்துக்கிட்டிருக்கு, போய் வாங்க.”

அடுத்த வாரம் தஜம்முலின் கோடௌனைத் திறந்தார்கள். சீனப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. உள்ளே பட்டுக்குப் பதில் பருத்திக் கழிவு. ஹாஜி இர்தஸா புடவைகள் அத்தனையையும் மடித்து மூட்டையாகக் கட்டித் தானே கஸ்டம்ஸில் ஒப்படைத்தார். பெண்ணைத் தன் வீட்டிலிருந்தே புதிதாக உடுத்தி அனுப்பினார். தஜம்முல் ஜெயிலுக்குப் போனான். ஜாமீனுக்குக் கையெழுத்துப்போட மரியாதையுள்ள ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். ஓஜாவின் பெயரைச் சொல்லிச் சொல்லி அவன் சேர்த்துவைத்த பெரிய மனிதர்களில் ஒருவரும் வீட்டுக் கதவைத் திறக்கவில்லை.

அவன் மனைவி தஹ்ஸீன் புர்க்காவோடு வந்து முற்றத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“பாய்சாப், அவரு செஞ்சது எல்லாம் எனக்குத் தெரியும். மறைக்கல. ஆனா வீட்டுக்குப் புது மருமகள் வந்திருக்கா. மாமனார் ஜெயில்லன்னு நாலு பேர் பேசுறாங்க.”

“நாலு பேர் பேசுறது எப்படி இருக்கும்னு என் மகளைக் கேளு. உள்ளதான் இருக்கா.”

தஹ்ஸீன் தலையைக் குனிந்துகொண்டாள். கதவோரம் நின்றிருந்த குத்ஸியாவே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“கையெழுத்துப் போடுறேன்” என்றார் ஹஷ்மத்துல்லா. “எழுந்திரு. தரையில உக்காராதே. வெளியே வந்த முதல் ஜும்மாவுல, தொழுகை முடிஞ்சதும், பள்ளிவாசல் முற்றத்துல நின்னு, எனக்கு எதிராச் சொன்னது தான்தான்னும், சொன்னது பொய்னும் அவன் சொல்லணும். வேற ஒண்ணும் எனக்கு வேணாம்.”

“சொல்லுவாரு. நான் சத்தியம் பண்றேன்.”

“உன் சத்தியம் போதும். அவன் சத்தியம் எனக்கு வேணாம்.”

நீதிமன்றத்தில் குமாஸ்தா, “உறவு?” என்று கேட்டபோது, “தம்பி” என்றார். பேனா ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. பக்கத்தில் நின்ற தஜம்முல் அவர் காலைத் தொடக் குனிந்தான். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. தொழுகை முடிந்து சலாம் கொடுத்ததும் தஜம்முல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கவாசலை நோக்கி நடந்தான். அங்கே ஹஷ்மத்துல்லா நின்றுகொண்டிருந்தார். வழியை மறிக்கவில்லை. ஒதுங்கியே நின்றார். தஜம்முல் அவரைத் தாண்டிப் போக நினைத்தால் போயிருக்கலாம். பின்னாலிருந்து யாரோ, “என்ன தஜம்முல் பாய், இன்னைக்குப் பக்கவாசல் வழியாவா?” என்று கேட்டார்கள். அவன் திரும்பினான். தொழுகைக்குமுன் கைகால் கழுவும் ஹவுஸுத் தொட்டியின் அருகே போய் நின்றான்.

“ஒரு நிமிஷம் இருங்க” என்றான். தண்ணீருக்குள் இறங்கியவன் குரல்போல இருந்தது அது. “பாய்சாப் பட்டை வித்துட்டார்னு கஸ்டம்ஸுக்குச் சொன்னது நான். அது பொய். அவர் ஒரு இழையும் விக்கல. வித்தவன் நான்தான்.”

யாரும் காரித் துப்பவில்லை. அதைவிட மோசமாக, எல்லாரும் தங்கள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். கூட்டம் கரைந்துபோகும்வரை தஜம்முல் அங்கேயே நின்றான்.

வெளியே வந்த ஹஷ்மத்துல்லாவின் முன்னால் கமருல் ஹுதா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தான்.

“அன்சாரி சாகிப், அல்லாஹ் உண்மையைக் காட்டிட்டான். அன்னைக்கு ஏதோ அவசரத்துல... என் மகனுக்கு இன்னும் கல்யாணம் ஆகல. பழைய பேச்சை மறுபடி எடுப்போமா?”

“உங்க மகனுக்கு நல்ல இடமாப் பாருங்க.”

“நம்ம ஷகுப்தாவைவிட நல்ல இடமா?”

“நம்ம ஷகுப்தா இல்ல, கமருல் சாகிப். என் ஷகுப்தா. பட்டுத் திருடன் மகளா இருந்தப்போ அவ உங்களுக்கு வேணாம். இப்ப நீங்க எங்களுக்கு வேணாம்.”

அவன் நீட்டிய கைகளைத் தொடாமலே நடந்தார்.

வீட்டில் ஷகுப்தா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். செய்தி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“சொல்லும்போது மேல பாத்தாரா, கீழ பாத்தாரா அப்பா?”

“கீழ.”

“முழுசாவா?”

“முழுசா.”

ஷகுப்தா ரொட்டியைத் தணலில் போட்டாள். அது உப்பி எழுந்தது. எடுத்துத் தட்டில் வைத்து, நெய் தடவி, அவர் முன்னால் நகர்த்தினாள்.

“உக்காருங்க. ஆறிடப்போகுது” என்றாள்.